கத்தி ரத்தம் இல்லாத த்ரில்லர்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். சைக்கோ த்ரில்லர்னாலே கத்தி, ரத்தம்னுதான் உங்க சினிமா பக்கத்துல வருது, 1997ல டேவிட் ஃபின்ச்சர் எடுத்த 'தி கேம்' பத்தியும் ஒரு தடவ எழுதுங்க. படத்துல சான் பிரான்சிஸ்கோ பணக்காரரா வர்றவரு மைக்கேல் டக்ளஸ், அப்பா மாடியிலேர்ந்து குதிச்சு செத்த அதே 48 வயசு இவருக்கும் வருது, தம்பியா வர்ற ஷான் பென் பர்த்டேக்கு 'கேம்' நடத்துற ஒரு கம்பெனியோட கார்ட நீட்டுறாரு, அதோட நிம்மதி போச்சு. அப்பா விழுந்த எடத்துலயே ஒரு கோமாளி பொம்மை கெடக்கும், அப்புறம் டிவில நியூஸ் வாசிக்கிறவரு இவர்கிட்டயே பேச ஆரம்பிப்பாரு பாருங்க, எனக்கு எங்க வீட்டு டிவிய ஆஃப் பண்ணிட்டுதான் தூக்கம் வந்துச்சு. கோடீஸ்வரன் மெக்சிகோல கைக்காசு இல்லாம கையில கட்டியிருந்த வாட்ச்ச குடுத்துட்டு ஊர் திரும்புற சீன்தான் எனக்கு உசத்தி. கிளைமாக்ஸ் கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்