பொத்தானை அமத்தினால் வரும் சத்தமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எண்பதுகளின் மேலைத்தேய இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் டெபெஷ் மோட் என்ற ஆங்கிலேய மின்னிசைக் குழுவுக்கு ஐந்து வரி ஒதுக்கியிருந்தீர்கள். பெரிய மனது. அதில் ஒரு வரி: "பொத்தானை அமத்தினால் தானாக வரும் சத்தம், விடலைக் காதல், வேறொன்றுமில்லை."

உங்களுக்குத் தெரியாததா? 1983இல் அந்தப் பொடியன்கள் லண்டன் ஷோர்டிச் பக்கம் பாழடைந்த இடங்களில் அலைந்து, தகரத்தையும் குழாயையும் அடித்து, சத்தத்தை நாடாவில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதைச் சின்கிளாவியர் என்ற மின்னிசைக் கருவிக்குள் ஏற்றிச் சுரமாக வாசித்தார்கள். தானாகவா வந்தது? அதே வருடத்து 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' கம்பனிக்காரரின் பேராசையைப் பற்றிய பாட்டு. அதில் எங்கே ஐயா விடலைக் காதல்? முதல் இசைத்தட்டு வேண்டுமானால் அப்படி. அதில் அநேக பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க் 1981 கடைசியிலேயே விலகிவிட்டார். பிறகு பெரும்பாலும் எழுதியவர் மார்ட்டின் கோர். உங்கள் கட்டுரையாளர் கிளார்க்கோடேயே எழும்பிப் போய்விட்டார் போலிருக்கிறது.

நான் 1984இல் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கண்ணாடிக்குக் கீழே தட்டு இருக்கும். சிலர் சில்லறையை அதில் போடாமல் வேண்டுமென்றே தரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். கதவைத் திறந்து வெளியே வந்து ஒவ்வொரு காசாகப் பொறுக்குவேன். கூட வேலை செய்த பொடியன் பசில்டன்காரன், அந்தக் குழுவின் சொந்த ஊர். ஒருநாள் இதைப் பார்த்தவன் ஒன்றும் கதைக்காமல் ஒரு கசெற்றைப் போட்டான். 'பீப்பிள் ஆர் பீப்பிள்'. மனிதனை மனிதன் ஏன் இப்படி வெறுக்கிறான் என்று கேட்கிற பாட்டு. எனக்குப் பாதி விளங்கவில்லை. இரும்பில் இரும்பு விழும் சத்தம் மட்டும் எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையேதான்.

'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியை வைத்து இசையமைத்ததை இதே பத்திரிகை புதுமை என்று நான்கு பக்கம் புகழ்ந்தது. சரியான புகழ்ச்சிதான், நானும் கைதட்டினேன். பசில்டன் பொடியன்கள் செய்தால் மட்டும் பொத்தான். அப்போதே இந்தப் பொடியன்களைப் பற்றியும் கேட்டு எழுதினேன். என் கடிதத்தில் உங்களைப் பாராட்டிய பாதியை மட்டும் வெட்டிப் போட்டீர்கள். அதற்கு முந்திய இரண்டு கடிதங்களும் குப்பைக் கூடைக்கு. இருபது வருடச் சந்தாதாரனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

கட்டுரையைத் திருத்துவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அதோடு போட்ட குழுப் படத்தின் குறிப்பையாவது திருத்துங்கள். இடது ஓரத்தில் நிற்பவர் வின்ஸ் கிளார்க் அல்ல, 1982இல் சேர்ந்த அலன் வைல்டர். என் பிரதியில் நடு எட்டுப் பக்கங்களும் இல்லை. இன்னொன்று அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்