நாற்பது வருடப் பந்தயமும் இரண்டு ஓம் ரெசிஸ்டரும்

அன்புள்ள சேது,

பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றேன், ஆடி பிறந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. உன் முழங்கால் எப்படி?

முதலாளியின் மைக் செட் கடையைக் காலி செய்துவிட்டார்கள். பேரன் போன் செய்து, "தாத்தாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடக்கிறது, இரும்புக் கடைக்குப் போவதற்குள் வந்து பாருங்கள்" என்றான். வால்வுதான் உசத்தி என்று நானும், டிரான்சிஸ்டர் சளைத்ததல்ல என்று நீயும் 50 ரூபாய் பந்தயம் கட்டி மல்லுக்கட்டினோமே, அதே வால்வு பெட்டிதான். முன்தகட்டில் நீ ஆணியால் கீறிய எழுத்துகூட அப்படியே இருக்கிறது. உள்ளே எலிப்புழுக்கை ஒரு கைப்பிடி. நேர் மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்தும் கப்ளிங் கப்பாசிட்டர்கள் கசிந்திருந்ததைக் கவனிக்காமல் மின்சாரம் கொடுத்துவிட்டேன். ஒரு இ.எல்.34 வால்வின், அந்தக் கண்ணாடிக் குழலின், தகடு அடுப்புக் கரி போலச் சிவந்தது. பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் பதுங்கியிருக்கும் என்று உனக்குப் பாடம் எடுத்தவன் ஆயிற்றே, மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் சாயங்காலம் அரை நிமிடம் காத்திருந்தேன்; இழை மெல்லச் சிவந்து, தூசி கருகும் அந்த வாசனை வந்தது. காருகுறிச்சியாரின் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டேன். சேது, தவிலின் தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுந்தது! வீட்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அதே தட்டு, அதே ஸ்பீக்கர், வெறும் காகிதம்.

உடனே உனக்கு "பார்த்தாயா?" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்க வேண்டும். கெட்ட நேரம், மருமகன் ஊரிலிருந்து வந்திருந்தார். மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையில் வைத்தார். வால்வில் 2.3 வோல்ட், டிரான்சிஸ்டரில் 2. "மாமா, இது சத்தமாகவும் இருக்கிறதே" என்றார். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் இனிமைதான், அது நமக்குத் தெரியாததா? இரண்டையும் சமன் செய்தோம். குறுக்கே போர்வையைக் கட்டினார். அவர் மாற்றி மாற்றிப் போட, நான் சொல்ல வேண்டும். 20-இல் 16 சரியாகச் சொன்னேன். உன் முகத்தை நினைத்துக்கொண்டு இன்னொரு காபி குடித்தேன்.

அப்போதுதான் அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டரை எடுத்தார். 2 ஓம், 10 வாட். அதை டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் தொடராக இணைத்து, சத்தத்தைத் திரும்பச் சமன் செய்தார். இந்த முறை 20-இல் 11. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் காட்டுவதில்லை. தாழ்ந்த ஸ்வரத்தில் அது தானாகவே அதிரும் ஓர் இடத்தில் (ஒத்திசைவு) 30, 40 ஓம்வரை ஏறும். டிரான்சிஸ்டரின் வெளியீட்டு மின்தடை அற்பம், அதனால் அது கொடுக்கும் வோல்ட் அசையாது. நம் பெட்டிக்கோ அந்த மின்தடை இரண்டு ஓமுக்குக் குறையாது; மருமகனின் ரெசிஸ்டர் டிரான்சிஸ்டருக்கும் அதையே கொடுத்துவிட்டது. எனவே அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் தூக்கிக் கொடுக்கும். நான் ஆயுசு முழுக்க 'உயிர்' என்று சொன்னது அதைத்தான். இரண்டாம் ஹார்மோனிக்தான், அதாவது வால்வு சேர்க்கும் இரு மடங்கு அதிர்வெண் ஒலிதான், இனிப்பு என்று டீக்கடையில் உன்னிடம் கத்தியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? நம் பெட்டி புஷ்-புல், வால்வுகள் எதிரெதிராக இழுப்பது. அதில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் பெரும்பாலும் தமக்குள்ளேயே கழிந்துபோகும்! நீ ஏன் அன்றைக்கே என் வாயை அடைக்கவில்லை?

இதில் புதுமையும் இல்லை. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985-லேயே ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, ஓட்டல் அறையில் உட்கார்ந்து, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை ஒரு விலையுயர்ந்த வால்வு பெட்டியைப் போலவே ஒலிக்கவைத்தார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனாராம். பத்திரிகைக்காரர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் முழுதாகத் தோற்கவும் நான் தயாராக இல்லை. கோயில் கொடைக்கு நாம் என்றைக்காவது சத்தத்தை அளவோடு வைத்திருக்கிறோமா? குமிழ் கடைசிவரை போனால்தானே ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. அங்கே டிரான்சிஸ்டர் அலையின் தலையைக் கத்தியால் வெட்டும், வால்வு மழுக்கி வளைக்கும். குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் உன் 2என்3055 டிரான்சிஸ்டர் என்ன ஆகும் என்பதை மாவிளக்கு ராத்திரியில் பார்த்தாய். தர்மகர்த்தாவும் பார்த்தார். நம் பெட்டி முனகிவிட்டு நின்றது. திருவிழாவில் நான் சொன்னது சரி, வீட்டில் நீ சொன்னது சரி. அந்த 50 ரூபாயைத் திருப்பித் தருகிறேன், வட்டி கேட்காதே.

இதை எழுதும் காரணம் வேறு. உன் மைத்துனர் என் பேச்சை நம்பி, புது வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து தரச் சொல்லி 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓய்வூதியப் பணம். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. பணம் பீரோவில் அப்படியே இருக்கிறது. கேட்டால் ஏதோ ஒன்று சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அந்த மனிதருக்கு அந்தச் செஞ்சுடர் எரிய வேண்டும் என்பதே பாதி ஆசை, அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? மீதிப் பாதி நான் கிளப்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நீயும் முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடு. போர்வையை இன்னும் அவிழ்க்கவில்லை.

உன்,
ராமலிங்கம்