ஜீவா நூல் அளவுக்குக் கலர் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், தொழில்நுட்பக் கேள்வி பதில் பகுதியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: எண்பது வயது தாண்டிய தன் அப்பா பாடும் பதிகங்களை வீட்டிலேயே நல்லபடியாகப் பதிவு செய்து வைக்க வேண்டும், மைக் வாங்கிவிட்டேன், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் எது வாங்கலாம் என்று. உங்கள் பதில் இரண்டே வரி. குரலுக்கு இதம் வேண்டுமென்றால் டியூப் (வால்வு) வைத்த ப்ரீஆம்ப் வாங்குங்கள், விலையும் குறைவுதான் என்று முடித்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் இன்னும் பணம் கட்டியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் நான் அதே பேச்சை நம்பி அதே மாதிரிப் பெட்டியை வாங்கியவன். என் பெரியப்பா ஓதுவார், நாற்பது வருடம் கோயிலில் பாடியவர். 2016 மார்கழியில் அவரை உட்கார வைத்துப் பதினொரு பதிகம் பதிவு செய்தேன். பெட்டியின் முகப்பில் சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், பார்த்தால் பழைய வால்வு ரேடியோ ஞாபகம் வரும். ரொம்ப நாள் கழித்து மூடியைக் கழற்றினேன். வால்வுக்குப் பின்னால் ஒரு எல்இடியை ஒட்டி வைத்திருந்தார்கள், வெளிச்சம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இருநூறு முந்நூறு வோல்ட்டில் ஓட வேண்டிய 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு வெறும் சில பத்து வோல்ட் கொடுத்துப் பட்டினி போட்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளில் பெரியப்பா மேல் ஸ்தாயியில் நிற்கும் இடமெல்லாம் குரல் லேசாகக் கிழிகிறது. பாடி முடித்துவிட்டு மெதுவாக "சிவ சிவ" என்று சொல்லி மூச்சு விடுவாரே, அந்த இடம் உஸ்ஸென்ற இரைச்சலுக்குள் போய்விட்டது. 2018-ல் அவர் போய்ச் சேர்ந்தார். எங்களிடம் இருப்பது அந்தப் பதினொன்றுதான். இரைச்சலைக் கணினியில் ஓரளவு குறைத்தேன், கிழிந்த குரலை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் அந்த அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் சுத்தமான, இரைச்சலில்லாத, போதுமான கெயின் (பெருக்கும் திறன்) உள்ள ப்ரீஆம்ப். கலர், அதாவது கருவி தன் பங்குக்குக் குரலில் சேர்க்கும் நிறம், வேண்டுமென்றால் கொஞ்சம் வேண்டும், அதுவும் நாம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கெயின் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பதிலில் அது சுத்தமாக விட்டுப்போயிருந்தது. பாட்காஸ்ட் செய்பவர்கள் பலரும் வைத்திருக்கிற ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் (தனி பவர் தேவைப்படாத) மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் ஒலி, அதாவது மைக்குக்குப் பக்கத்தில் வாய்விட்டுப் பாடுகிற அளவு, அதன்மேல் விழுந்தால் அது தருவது 1.12 மில்லிவோல்ட். அடுத்துள்ள கருவிகள் எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும், ஆயிரம் மடங்கு என்றால் 60 டெசிபல் கெயின். வயதானவர் மெல்லப் பாடினால் வருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கலாம். குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆனால் ரோடு என்டி1 மாதிரி கண்டென்சர் மைக் அதே ஒலிக்கு 35 மில்லிவோல்ட் தருகிறது, முப்பது மடங்கு அதிகம். அதற்கு 48 வோல்ட் பவர் கொடுத்தால் போதும், மைக்கைக் கணினியோடு இணைக்கிற சாதாரண இன்டர்ஃபேஸில் இருக்கிற ப்ரீஆம்பே தாராளம், தனியாக எதுவும் வாங்க வேண்டியதே இல்லாமல் போகலாம். ஆகவே "எந்த மைக் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் பதிலே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் கெயின் 56 டெசிபல், நான்காம் தலைமுறையில் 69. பெயரும் நிறமும் ஒன்று, ஆனால் எஸ்எம்7பி-யை மாட்டினால் ஒன்றில் குமிழை முழுக்கத் திருப்பியும் போதாது, மற்றதில் இடம் மிச்சமிருக்கும். கையில் பழையது இருந்தால் கிளவுட்லிஃப்டர் மாதிரி கேபிளின் நடுவில் போடுகிற சின்ன பூஸ்டர் 25 டெசிபல் வரை கூட்டிக் கொடுக்கும், அதுவும் 48 வோல்ட்டில் ஓடுவது.

அடுத்து இரைச்சல். ப்ரீஆம்ப் அட்டையில் ஈஐஎன் என்று மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும், ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று சொல்கிற எண். 150 ஓம் உள்ள எந்தக் கம்பியும் வெறும் சூட்டினாலேயே கொஞ்சம் இரையும். அது சுமார் மைனஸ் 131 டிபியு (சிக்னல் அளவைச் சொல்லும் அலகு, மைனஸ் எண் பெரிதானால் இரைச்சல் குறைவு), அதற்குக் கீழே யாராலும் பெரிதாக இறங்க முடியாது. நல்ல ப்ரீஆம்புகள் மைனஸ் 127-லிருந்து 129-க்குள் நிற்கின்றன. இந்த இரண்டு டெசிபலுக்காக இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன் அதைவிடப் பல மடங்கு சத்தம் போடும்.

இப்போது கலர் விஷயம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், தம்புராவைப் பார்த்தால் போதும். பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் ஜீவா என்று ஒரு நூல் வைப்பார்கள். நூல் இல்லாவிட்டால் தந்தி மொட்டையாக "டங்" என்று நிற்கும். நூலை நகத்தால் ஒரு மயிரிழை முன்னே தள்ளினால் நாதம் திறந்துகொண்டு ரீங்காரம் போடும், ஸட்ஜத் தந்திக்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் எல்லாம் கெட்டுப்போய்ப் பித்தளைப் பாத்திரம் மாதிரி சத்தம் வரும். எவ்வளவு என்பதுதான் விஷயம், அதைத் தம்புரா வாசிப்பவர் ஒவ்வொரு நாளும் கையால் சரி செய்கிறார்.

ப்ரீஆம்ப் கலரும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ப்ரீஆம்ப் அதில் இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது இரண்டு மடங்கு அதிர்வை, சேர்த்தால் 262, அது மேல் ஸட்ஜம். மூன்றாவதைச் சேர்த்தால் 392, அது அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். இரண்டும் சுருதியோடு சேர்கிற சுரங்கள், அதனால்தான் கொஞ்சமாக இருந்தால் காதுக்குக் குரல் பருத்த மாதிரி, பக்கத்தில் வந்த மாதிரி தோன்றுகிறது. நூறில் ஒரு பங்கு இருந்தாலே பழகிய காது கண்டுபிடித்துவிடும். சில ப்ரீஆம்புகளில் சிக்னல் போகும் வழியில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் (இரும்புக் கருவில் சுற்றிய கம்பிச்சுருள்) பெரும்பாலும் மூன்றாவதைக் கூட்டும், அதிலும் கீழ்க் குரலில், பலமாகப் பாடும்போது, இரும்புக் கருவுக்குள் காந்தம் நிறைய ஆரம்பிக்கும் நேரத்தில். மெல்லப் பாடினால் அது இருக்கிற இடமே தெரியாது. இந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ப்ரீஆம்ப் பிடிக்கும், பாடுபவர் குரலை உயர்த்தினால் கூடவே வரும், இறக்கினால் ஒதுங்கிக்கொள்ளும். நான் வாங்கிய மலிவு வால்வுப் பெட்டியோ மெல்லப் பாடினாலும் உரக்கப் பாடினாலும் ஒரே கரகரப்பை எல்லாவற்றின் மேலும் பூசியது.

இந்தக் கலர் பேச்சு தொடங்கும் இடம் ரூபர்ட் நீவ், ஸ்டூடியோக் கருவிகளை வடிவமைத்த ஆங்கிலேயப் பொறியாளர். 1970-ல் அவர் செய்த 1073 என்ற ப்ரீஆம்பைத்தான் இன்றுவரை ஊரெல்லாம் நகலெடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தது நிறம் சேர்க்க என்று யாரும் நினைக்க வேண்டாம், நீளமான கேபிளில் ஏறிவரும் ஹம்மை (ம்ம் என்ற கரண்ட் இரைச்சலை) தடுக்கவும் ஒரு கருவியை இன்னொன்றிலிருந்து பிரித்து வைக்கவும் அது தேவைப்பட்டது. நிறம் கூடவே வந்தது, மக்களுக்குப் பிடித்துப்போனது. பிற்பாடு அவரே 2005-ல் டெக்சாஸில் தொடங்கிய நிறுவனத்தின் ப்ரீஆம்புகளில் 'சில்க்' என்று ஒரு பொத்தான் வைத்தார். அமுக்காவிட்டால் சுத்தம், அமுக்கினால் ட்ரான்ஸ்ஃபார்மரின் குணம் வெளியே வரும், போர்ட்டிகோ 511-ல் எவ்வளவு என்று திருகிக்கொள்ள ஒரு குமிழும் உண்டு. 2021-ல் தன் 94-வது வயதில் மறைந்த அந்த மனிதர் கடைசியில் கலரைப் பயன்படுத்துபவர் கையிலேயே கொடுத்துவிட்டார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

என்னிடம் இப்போது இருப்பது ஃபோக்கஸ்ரைட் ஐஎஸ்ஏ ஒன். இதுவும் அவர் வழி வந்ததுதான், 1985-ல் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காக நீவ் செய்த ஐஎஸ்ஏ 110-இன் வாரிசு. உள்ளே வாசலிலேயே ஒரு லுண்டால் ட்ரான்ஸ்ஃபார்மர், எண்பது டெசிபல் வரை கெயின். இதில் நான் அதிகம் தொடுவது கெயின் குமிழைவிட, மைக்குக்கு ப்ரீஆம்ப் காட்டும் மின்தடையை மாற்றுகிற இம்பீடன்ஸ் பொத்தானைத்தான். 600, 1400, 2400, 6800 ஓம் என்று நாலு படி. டைனமிக் மைக்கைப் போட்டுவிட்டு பெரியப்பா மகனை ஒரே வரியை நாலு தடவை பாடச் சொன்னேன். 600-ல் குரலின் மேல்பக்கம் போர்வை போட்ட மாதிரி அடங்கியது, 6800-ல் ச, ஸ எல்லாம் திறந்துகொண்டு பல்லிடுக்குச் சத்தம்வரை வந்தது. அண்ணன் குரலுக்கு 1400 பொருந்தியது, அதிலேயே நிறுத்திவிட்டேன். கண்டென்சர் மைக்கில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கலரே வேண்டாம், அப்பா குரல் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும் என்று அந்த அம்மா நினைத்தால் அதுவும் மிகச் சரியான முடிவு. க்ரேஸ் எம்101, மில்லினியா எச்வி-3 மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ப்ரீஆம்புகள் அதற்கென்றே இருக்கின்றன. சுத்தமாகப் பதிவானதன் மேல் பிறகு கணினியில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் சேர்த்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பதிவிலேயே ஏறிப்போன நிறத்தை எடுக்க வழியில்லை. வீணை, மெல்லிய வயசான குரல் இதற்கெல்லாம் என் கை முதலில் சுத்தமான ப்ரீஆம்புக்குத்தான் போகும். நாதஸ்வரம், தவில் என்றால் கெயின் பிரச்சினையே இல்லை, 20 டெசிபல் குறைக்கிற பேட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதல் அடியிலேயே பதிவில் ஒலி கிழியும்.

வாங்கியபின் பலர் செய்கிற ஒரு தப்பு, நானும் ஆறு மாதம் செய்தேன்: தனி ப்ரீஆம்பிலிருந்து வரும் வயரை இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டில் செருகுவது. அப்போது சத்தம் இரண்டு ப்ரீஆம்ப் வழியாகப் போகிறது, நல்லதை வாங்கிய பலன் இல்லை. ஏற்கெனவே பெருக்கிய சிக்னலுக்கான லைன் இன்புட்டில் செருக வேண்டும். அப்புறம், கலர் தேடி கெயினை ஏற்றினால் வெளியே வரும் சத்தமும் ஏறி இன்டர்ஃபேஸ் கிளிப் ஆகும், அதாவது தாங்காமல் ஒலி கிழியும். அதனால் அவுட்புட்டைத் தனியாகக் குறைக்கிற குமிழ் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால், உள்ளே அழுத்திவிட்டு வெளியே இறக்கிக்கொள்ளலாம். ஹம் வந்தால் ப்ரீஆம்பைத் திட்டுவதற்கு முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள், இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே காரணமாக இருந்தது.

முடிந்தால் வாங்கும் முன் அப்பாவின் குரலிலேயே கேட்டுப் பார்க்கட்டும். எந்த ஊரிலும் கல்யாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடமோ சின்ன ஸ்டூடியோவிலோ ஒன்றிரண்டு ப்ரீஆம்ப் இருக்கும், கேட்டால் ஒரு மாலை நேரம் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: வரும் இணைப்பில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள், இடம் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்காவது தெரிவியுங்கள். அவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: வாங்கிய மைக் எது, அப்பா பாடுகிற அறையில் அரைமணி நேரம் ஃபேனை நிறுத்த முடியுமா. மைக் பெயர் தெரிந்தால் எது போதும் என்று உங்கள் அலுவலகத்துக்கே எழுதி அனுப்புகிறேன். அதுவரை அவர் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கிற போனை அப்பாவிடமிருந்து ஒரு முழம் தள்ளி, தலையணை மேல் வைத்து, இன்று சாயங்காலமே ஒரு பதிகம் பதிவு செய்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்