கேசட்டின் ஒரு பக்கம்

ஆவடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அப்பாவின் கேசட் பதியும் கடையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரிக்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். அப்பாவின் காரியத்துக்கு வந்தபோதே ஒருமுறை ஷட்டரைத் தூக்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. நீ இருந்த நிலையில் கேட்க மனசு வரவில்லை.

இங்கே எல்லோரும் நலம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. மற்ற விஷயங்களை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பாப்பா நாள் முழுக்க காதில் ஹெட்போனோடு ராப் கேட்கிறாள், பாட்டா பேச்சா திட்டா என்றே தெரியவில்லை, நீ இருபது வருஷமாக இதையே கேட்கிறாயே, உனக்குப் பிடித்த ஆல்பங்களை எழுது, நானும் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதைவிட எனக்குச் சந்தோஷமான வேலை கிடையாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு ஆல்பத்திலும் உன் அப்பா ஞாபகம்தான் வருகிறது. அது ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும்.

1994இல் 'காதலன்' வந்தபோது கடையில் நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? 'பேட்டை ராப்' பதியச் சொல்லி சீட்டு மேல் சீட்டு. நீயும் நானும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உறையில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டிருந்தோம். படத்தின் பெயர் சிவப்பு மையில், பாட்டு நீல மையில். அப்பா வைத்த சட்டம். ராப் என்ற சொல்லை நான் என் கையால் எழுதியதே அங்கேதான். அதே வருஷம் ஏப்ரலில் நியூயார்க்கில் 20 வயதுப் பையன் ஒருவன் ஒரு ஆல்பம் போட்டிருந்தான். அது என் காதுக்கு வர இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது அறையில் கூட இருந்த ஈப்போக்காரர், மலேசியத் தமிழர், ஒருநாள் இரவு டிஸ்க்மேன் என்ற கையடக்க சிடி பிளேயரை என் கையில் கொடுத்து, பேசாமல் கேள் என்றார்.

அதுதான் 'இல்மாட்டிக்'. பாடியவர் நாஸ். குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். நம் ஹவுசிங் போர்டு மாதிரிதான், ஆனால் அமெரிக்காவிலேயே பெரியது. மொத்தம் பத்தே பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 90 நிமிடக் கேசட்டில் ஒரே பக்கத்தில் முழு ஆல்பமும் அடங்கி, ஐந்து நிமிடம் மிச்சமும் இருக்கும். மிச்ச இடத்துக்காக உன் அப்பா பாட்டை நறுக்கவே மாட்டார். பொருத்தமாக ஒரு புல்லாங்குழல் துண்டைத் தேடிப் போடுவார். நாஸின் மூன்றாவது பாட்டு முடியும் இடத்தைக் கேள். பேச்செல்லாம் அடங்கி ஒரு கார்னெட் தனியாக ஊதும், சின்ன டிரம்பெட் மாதிரியான வாத்தியம். ஊதுவது நாஸின் அப்பா, ஓலு டாரா. ஜாஸ் கலைஞர். மகன் வாழ்க்கையைப் பற்றி அத்தனை கசப்பாகப் பேசி முடித்த இடத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல் அப்பா வந்து நிற்கிறார். முதல் தடவை கேட்டபோது அது அவர் அப்பா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பாட்டை முன்பு போலக் கேட்க முடியவில்லை.

ஏழாவது பாட்டு 'ஒன் லவ்' முழுக்கவே கடிதம். சிறையில் இருக்கும் சிநேகிதர்களுக்கு ஊர்ச் செய்தி எழுதுகிறார். உனக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன்னை மாதிரியே இருக்கிறானாம், உன் வீட்டுக்காரி ஏன் உனக்கு எழுதுவதில்லை என்று கேட்கிறார். யார் யாரோடு சண்டை, யார் செத்தது, அம்மாவைப் பார்த்தேன், எல்லாம் வரும். கடைசியில் சொந்தக் கதை. தெருவில் போதைப்பொருள் விற்கும் பன்னிரண்டு வயதுப் பையனோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார், தன்னால் முடிந்த புத்தியைச் சொல்கிறார், எழுந்து போகிறார். அவ்வளவுதான். யாரையும் திருத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சிங்கப்பூரிலிருந்து உனக்கு நீள நீளமாக எழுத ஆரம்பித்தது அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான்.

சரி, பழைய பாட்டைத் திருடி அதன் மேல் பேசுகிறார்களே, அது என்ன சங்கீதம் என்று கேட்டிருந்தாய். ஹிப்ஹாப் என்கிற இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் நடத்திய சின்ன விருந்து. அண்ணன்தான் டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே குரல் நின்று டிரம்ஸ் மட்டும் வரும் சில விநாடிகளுக்குத்தான் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது என்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தைத் தொடங்கினார். பத்து விநாடி பத்து நிமிடமாக நீண்டது. அதன் மேல் பேசினார்கள், பேச்சு பாட்டாயிற்று. இசைத்தட்டுகளில் சில வீட்டில் இருந்தவை, அப்பா அம்மா வாங்கி வைத்தவை.

அதனால்தான் எ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற குழுவின் 'த லோ எண்ட் தியரி'யை இரண்டாவதாகக் கேட்கச் சொல்கிறேன். 1991. முதல் பாட்டு தொடங்கும்போதே குழுவின் ராப்பர் கியூ-டிப் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். மகன் கேட்கிற ஹிப்ஹாப்பைக் கேட்ட அப்பா, இது பீபாப் என்கிற பழைய ஜாஸ் மாதிரி இருக்கிறதே என்றாராம். கீழே ஒற்றை பேஸ் தந்தி மட்டும் நடந்து போகும். ஜாஸ் உலகத்தில் பெரிய மனிதரான ரான் கார்ட்டர் ஒரு பாட்டுக்கு வந்து பேஸ் வாசித்திருக்கிறார். கெட்ட வார்த்தை கூடாது என்று அவர் ஒரு நிபந்தனை வைத்துத்தான் ஒப்புக்கொண்டார். உனக்கும் அதே கவலை என்பதால் சொல்கிறேன்.

அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராப்பில் வசவு உண்டு. அதைவிட எனக்குப் பொறுக்காதது பெண்களைப் பற்றிய பேச்சு. டாக்டர் டிரே என்ற ராப்பரின் 'த க்ரானிக்' 1992இல் வந்தது. ஒலியமைப்பில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் பெண்களைப் பேசுகிற விதம் எனக்கு ஆகவில்லை, அதனால் என் பட்டியலில் அது இல்லை. பாப்பா அதைக் கேட்டால் தடுக்காதே. உட்கார வைத்து, இதில் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேள்.

அவளுக்கு நானே வாங்கிக் கொடுக்க நினைப்பது லாரின் ஹில்லின் 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'. 1998இல் வந்தபோது அவருக்கு வயது 23. தொடக்கத்தில் வகுப்பறை மணி அடிக்கிறது, ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைக் கூப்பிடுகிறார். லாரின் ஹில் என்ற பெயருக்கு மட்டும் பதில் வருவதில்லை. ராப்பும் அவரே, பாட்டும் அவரே. வயிற்றில் பிள்ளை வந்தபோது உன் தொழிலைப் பார் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதையும், அவர் பிள்ளையைத் தேர்ந்ததையும் 'டு சயான்' என்று மகன் பெயரிலேயே பாடியிருக்கிறார். கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ஒரு ஹிப்ஹாப் ஆல்பத்துக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் செய்த இன்னொரு தனி ஆல்பம் அவரிடமிருந்து வரவில்லை. எனக்கு அதில் வருத்தமே, ஆனாலும் இந்த ஒன்று ஒரு ஆயுளுக்குப் போதும்.

அப்புறம் கெண்ட்ரிக் லமார். பாப்பாவுக்கு இவரை நிச்சயம் தெரிந்திருக்கும், அவளிடமே கேட்டு வாங்கு. எல்லோரும் 2015இல் வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யைத்தான் உச்சியில் வைப்பார்கள். எனக்கு 2012இல் வந்த 'குட் கிட், மேட் சிட்டி'தான். கலிபோர்னியாவில் காம்ப்டன் என்ற ஊர், பதினேழு வயதுப் பையன், அம்மாவின் வேன். வேனை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே போனில் அம்மா பதிந்து வைத்த குரல்: வேனைக் கொண்டுவந்து விடு, எனக்கு வேலை இருக்கிறது. பின்னால் அப்பா தன் டாமினோ கட்டைகள் எங்கே என்று சத்தம் போடுகிறார். வெளியே சுடுகிறார்கள், போலீஸ் துரத்துகிறது, சிநேகிதனின் சகோதரன் சாகிறான். வீட்டில் இன்னும் அந்த வேனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்று வரும், 'சிங் அபவுட் மீ'. முதல் பகுதியில் செத்தவனின் சகோதரன் பேசுகிறான். உன் ஆல்பம் வெளிவருவதற்குள் நான் போய்விட்டால் என்று சொல்ல வாயெடுக்கிறான், சொல் முடிவதற்குள் துப்பாக்கிச் சத்தம், குரல் அறுந்துவிடுகிறது. அடுத்தது ஒரு பெண். என் சகோதரியைப் பற்றிப் பாட உனக்கு என்ன உரிமை என்று கெண்ட்ரிக்கையே திட்டுகிறாள். நான் மங்கிப் போக மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல ஒலி குறைந்துகொண்டே போய், வாய் அசைவது மட்டும் தெரிகிற மாதிரி ஆகி, இல்லாமலே போய்விடுகிறது. ஒலியைக் குறைக்கிற அந்தக் கட்டையைத் தினம் நூறு தடவை தள்ளியவர் உன் அப்பா. அவர் இதைக் கேட்டிருக்க வேண்டும் சேகர்.

நம்மவர்களைச் சொல்லாமல் விட முடியாது. எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போனவர். 2005இல் போட்ட முதல் ஆல்பத்துக்கு இயக்கத்தில் இருந்த அப்பாவின் பெயரை வைத்தார், 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவது அம்மாவின் பெயர், 'கலா'. எனக்குக் 'கலா'தான். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிந்திருக்கிறார். திருவிழாவில் கேட்கிற உறுமி உலகத்துக் கிளப்புகளில் எல்லாம் ஒலித்தது.

ஈப்போக்காரர் 2006இல் மலேசியாவிலிருந்து அனுப்பியது யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்'. 'மடை திறந்து' என்று இளையராஜா பாட்டின் தலையைப் பிடித்துத் தொடங்குவார்கள். அந்தப் பாட்டு வந்த 'நிழல்கள்' படத்தின் இசைத்தட்டை அப்பா கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் வைத்திருந்தார், ஞாபகம் இருக்கும். ராப்பர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' 2019இல் வந்தது. தலைப்பே எல்லாம் சொல்லிவிடுகிறது, கேள்.

கடைசியாக ஒன்று. இதில் ராப் பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. டெட்ராய்ட்காரர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்'. 31 சின்னச் சின்னத் துண்டுகள், எல்லாமே பழைய இசைத்தட்டுகளை நறுக்கிக் கோத்தவை. சில இடங்களில் பாடகியின் அரைச் சொல் மட்டும் வரும், அதற்கே அழுகை வரும். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆவது பிறந்தநாளில் ஆல்பம் வெளியானது. மூன்று நாள் கழித்து இறந்துபோனார். ரத்த நோய் அவரை ரொம்ப நாளாக வாட்டியிருந்தது. கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அம்மா. டில்லா பாட்டுகளை அமைத்த எம்பிசி என்ற மெஷினை அம்மா பத்திரமாக வைத்திருந்து, பிறகு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ரப்பர் கட்டைகள் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவுதான் அது.

இப்போது நீ எழுதிய இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். பழைய சாமான் எடுக்கிறவர் கேசட் பதியும் டபுள் டெக்கையும் இசைத்தட்டுகளையும் எடைக்குக் கேட்கிறார், டெக் ஓடவும் இல்லை, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. இசைத்தட்டுகளைப் பாப்பாவிடம் காட்டு. ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், கூடத்தில் எடுத்து வை, அவளே உறையைப் பிரித்துப் பார்ப்பாள். டெக்குக்குப் பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும். அந்த வயது ரப்பர் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் மோட்டார் சத்தம் கேட்டும் கேசட் சுற்றாது. பின்பக்கம் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடு. ஒட்டியிருப்பதை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடை. பிறகு ஒரு நூலை இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து நீளத்தை ஸ்கேலில் அளந்து எனக்கு அனுப்பு. இரண்டு டெக்குக்கும் தனித்தனியாக அள. அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன், பெல்ட் வாங்கிக்கொண்டு நானே திண்டுக்கல் வருகிறேன். எழுதாத 90 கேசட் ஒன்று கடையில் எங்காவது கிடக்கும், எடுத்து வை. சிவப்பு மையும் நீல மையும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மணி