ஒரு மெமோவும் ஐந்து ஆட்களும்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், ஆள் ஒதுக்கும் அதிகாரம் உள்ள மேலிடத்துக்கும் வணக்கம்.

"ஐ.சி.யூ. ஊழியர் அல்லாத ஒருவரை இரவு 2 மணிக்கு உள்ளே அனுமதித்தது ஏன்? மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்" என்று எனக்கு மெமோ வந்தது. முறைப்படி விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அன்றிரவின் நோயாளி, களை எடுக்கப் போன இடத்தில் பூச்சி கடித்து, உண்ணிக் காய்ச்சலோடு வந்த பெண். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பு வடு. அதற்கான ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின் போட்டாகிவிட்டது, ஆனால் அதற்குள் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நுரையீரலால் ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் தர முடியாமல் போகும் இந்த ஏ.ஆர்.டி.எஸ். என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 கொரோனா அலையில் நாம் எல்லோரும் வராண்டா வரைக்கும் பார்த்தோம். 80 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 58-தான் இருந்தது. 58-ஐ 0.8-ஆல் வகுத்தால் 72. நல்ல நுரையீரலுக்கு 400-க்கு மேல் வர வேண்டும், 100-க்குக் கீழே போனாலே கடுமையான நிலை. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார்: ப்ரோன் (குப்புறப் படுக்க வைப்பது), 16 மணி நேரம்.

எழுதுவது ஒரு வரி. செய்ய ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர், உதட்டோரம் 21 சென்டிமீட்டரில் நிற்கும் மூச்சு டியூபை விடாமல் பிடிக்க. பக்கத்துக்கு இரண்டு பேர், உடம்பைத் தூக்கிக் குப்புறப் போட. கழுத்து ரத்தக்குழாயில் ஒரு லைன், மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஒரு லைன், கீழே யூரின் டியூப். மூச்சு டியூப் நழுவினால் அந்த நுரையீரலுக்குச் சில நிமிடம்கூடத் தாங்காது. அன்றிரவு ஆறு வெண்டிலேட்டருக்கு நாங்கள் இரண்டு நர்ஸ், ஓர் ஆயா. விஷம் குடித்த கேஸைப் பார்த்துக்கொண்டிருந்த டியூட்டி டாக்டர் பத்து நிமிடம் ஓடிவந்து தலையைப் பிடித்தார். நாலு பேர் ஆயிற்று. பிரசவ வார்டுக்கு போன் போட்டேன். அங்கே அவர்களுக்கே ஆள் இல்லை.

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் இருந்தார். கை கழுவ வைத்து, கையுறை, மாஸ்க், கவுன் எல்லாம் போட்டுத்தான் கூப்பிட்டேன். "நான் எங்க புடிக்கணும் சிஸ்டர்?" என்றார். "இடுப்புலண்ணே. மூணு சொன்னதும் தூக்குங்க." தூக்கினார். 84 சதவீதத்தில் நின்ற சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) நாலரை மணிக்கு 93. மெமோவில் இந்த எண் இல்லை.

இது எங்கள் ஊர் வைத்தியமும் இல்லை. மோசமான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளை இப்படிக் குப்புறப் படுக்க வைத்து பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் செய்த ஆய்வு 2013-இல் வந்தது. மல்லாக்கப் படுத்தவர்களில் 28 நாளில் 100-க்கு 33 பேர் இறந்தார்கள், குப்புறப் படுக்க வைத்தவர்களில் 16 பேர்தான். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஆள் பலம்தான்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: இரவு டியூட்டியிலும் ஒரு நோயாளியைத் திருப்பிப் போட ஐந்து பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ஐ.சி.யூ.வுக்கென்றே வேண்டாம், மருத்துவமனை முழுவதற்கும் ஒரு குழு போதும், கூப்பிட்டால் வர வேண்டும்.

மெஷின்களுக்குக் குறை இல்லை. ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுத்துத் திறந்தோம். வெண்டிலேட்டர் நுரையீரலைக் குணமாக்காது, மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். காற்றை அதிகம் தள்ளினால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு எடை கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தப் பெண்ணுக்கு ஒரு மூச்சுக்கு 260 மில்லி. கேஷுவால்டியிலிருந்து வந்தபோது மெஷினில் இருந்தது 450. உயரம் அளக்க டேப் கேட்டு இண்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) போட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஐ.சி.யூ.வில் இருப்பது தையல் கடையில் நான் வாங்கிய டேப். அதற்கும் ஒரு மெமோ வருமோ என்னவோ. 2020 மார்ச்சில் எங்களுக்காக நாடே கை தட்டியது. அந்தக் கைகளில் ஐந்து இரவில் கிடைத்தால் போதும் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

மன்னிக்கவும், மெமோவை விட்டு எங்கோ போய்விட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் நாள் டியூப் எடுத்தாயிற்று. கன்னத்தில் தலையணை அழுத்திய புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்பி வைக்கவும் ஆள் வேண்டும் அல்லவா?

இரவுக்கு ஐந்து பேர். தயவுசெய்து ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். என் மெமோவை ரத்து செய்யாவிட்டாலும் பரவாயில்லை, செக்யூரிட்டி அண்ணனின் ஏஜென்சிக்கு அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற வேண்டும்.

இன்றும் எனக்கு நைட் டியூட்டி. மூன்றாம் பெட்டுக்கு ப்ரோன் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்