ஆடை வரலாறு படிக்கப்போகும் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

குடியாத்தத்திலிருந்து மாமா எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆடை வரலாற்றை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். உறவினர் சிலர் “துணிமணியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டதையும், அதனால் நீ சற்றுத் தயங்குவதையும் சேர்த்தே சொன்னாள். தயங்காதே. வட ஆர்க்காட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான துறை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ தேடிப் போகவேண்டிய பொருள்கள் ஆவணக் காப்பகத்தில் இருப்பதைவிட வேலூர், ஆரணி, வாலாஜாபேட்டை வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில்தான் அதிகம். அந்த வீட்டாரும் இதைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜேனட் ஆர்னால்டு என்ற பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். 1932இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து 1998இல் மறைந்தவர். ஓவியங்களையும் பழைய ஏடுகளையும் வைத்து ஆடையின் வரலாற்றை எழுதுவது பெருவழக்காக இருந்த காலத்தில், அவர் ஆடையையே கையில் எடுத்து, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து எழுதினார். ஓவியம் ஆடையின் முன்பக்கத்தைத்தான் காட்டும். அதையும் ஓவியர் தமக்குப் பிடித்தபடி திருத்தியிருப்பார். ஆர்னால்டு அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், மிஞ்சியிருந்த ஒவ்வோர் உடையையும் அளந்து, எந்தத் துண்டு எந்த வடிவில் வெட்டப்பட்டது, இழை எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எங்கே பிரித்து மறுபடி தைத்திருக்கிறது என்பதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் எட்டில் ஒரு பங்கு அளவில் வரைந்தார். அந்த வரைபடங்களின் முதல் தொகுதி 1964இல் வெளிவந்தது. அதை ஒரு தையற்காரர் எடுத்துப் பெரிதாக்கினால், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உடையை இன்றைக்கு வெட்டித் தைத்துவிடலாம். படித்தவரும் கத்தரிக்கோல் பிடித்தவரும் ஒருங்கே நம்பக்கூடிய ஒரு வரலாற்று நூலை எழுதுவது சாதாரணக் காரியமா?

அவருடைய இன்னொரு பெரிய உழைப்பு முதலாம் எலிசபெத் அரசியின் உடைகளைப் பற்றியது. 1600ஆம் ஆண்டில் அரசியின் உடைகளையெல்லாம் கணக்கெடுத்து எழுதிய பட்டியல் இருந்தது. உடைகளோ ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. அந்தப் பட்டியலை வரி வரியாக எடுத்து விளக்கி, 1988இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார். ஹெரிஃபோர்டுஷயரில் பேக்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் இருந்த பூவேலைத் துணி ஒன்றையும் அதில் குறிப்பிட்டிருந்தார். வெட்டி ஒட்டிப் பீடத்துக்கு விரிப்பாக்கியிருந்த அந்தத் துணி எலிசபெத்தின் உடையிலிருந்து வந்திருக்க மிகவும் வாய்ப்புண்டு என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். 2019இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அது காட்சிக்கும் வைக்கப்பட்டது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், 1562இல் இறந்த கோமகள் எலியனோராவின் கல்லறையிலிருந்து எடுத்த உடையையும் ஆர்னால்டு ஆராய்ந்தார். சிதைந்த பட்டுத் துண்டுகளின் ஓரத்தில் ஊசி போன துளைகள் எப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்று பார்த்தே, எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருந்தது என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு இருந்தது. அந்த வரைபட வரிசையில் அவர் முடிக்காமல் விட்டுப்போன நான்காம் தொகுதியை உடன் உழைத்தவர்கள் நிறைவு செய்து 2008இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டில் வரலாற்றாசிரியர் விஜயா ராமசுவாமி இருந்தார், 2020இல் மறைந்தார். இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட நூலை நீ முதலில் படித்தாகவேண்டும். தறி இறை, தறிக்கடமை என்று தறிக்கு விதித்ததாகக் கல்வெட்டுகளில் வரும் வரிகளைக் கொண்டு கைக்கோளர், சாலியர், தேவாங்கர் ஆகிய நெசவுச் சமூகத்தினர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். துணி நெய்தவரின் வரலாறு அவரால் நமக்குக் கிடைத்தது. அதே துணியை உடுத்தியவரின் வரலாற்றை, உடுத்திய துணியிலிருந்தே எழுதும் வேலை உனக்குக் காத்திருக்கிறது.

அந்த வேலை ஏன் வேலூரிலிருந்து தொடங்கவேண்டும் என்பதற்குக் கோட்டையே சாட்சி. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பவற்றோடு, தொப்பியைப் போன்ற ஒரு புதிய தலைப்பாகையும் வந்தது. அதில் தோலால் ஆன ஒரு சின்னம் செருகப்பட்டிருந்தது. மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு சாராரையும் ஒன்றாகக் கொதிக்கவைத்தது. தொப்பி போட்டவன் மதம் மாறியவன் என்று ஊரும் உறவும் ஏசும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 1806 மே மாதத்திலேயே வேலூரில் இருந்த படைப்பிரிவு ஒன்று அதை அணிய மறுத்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10ஆம் நாள் விடிவதற்குள் கோட்டை சிப்பாய்களின் கைக்கு வந்தது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பின்னர் உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் சென்னை ஆளுநர் பெண்டிங்க் பிரபுவும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

பள்ளிப் பாடத்தில் இதை விடுதலைப் போரின் முன்னோடி என்று படித்திருப்பாய். அது சரியே, திப்பு சுல்தானின் பிள்ளைகள் கோட்டைக்குள் சிறையிருந்ததும், சிப்பாய்களின் மற்ற மனக்குறைகளும் எழுச்சிக்குப் பின்னால் உண்டு. ஆனால் ஆடை வரலாறு படிப்பவள் தலைப்பாகையை ஒரே வரியில் கடந்துபோகக் கூடாது. அதன் உள்வளையம் எதனால் ஆனது, அந்தத் தோலை யார் பதனிட்டார்கள், யார் வெட்டினார்கள், எந்தத் தையற்காரர் அதைச் செய்ய முன்வந்தார், அவரைத் தெருவில் என்ன சொன்னார்கள் என்று கேள். ஆணை பிறப்பித்தவருக்கு அது ஒரு சீருடைத் திருத்தம். தலையில் வைத்துக்கொள்ள வேண்டியவனுக்கு அது சாதியும் சமயமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும். இந்த இடைவெளியை அளப்பதற்கு ஆடை வரலாற்றாளரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அரசர், படைவீரர் உடைகளோடு நின்றுவிடாதே என்பதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உன் பாட்டியின் ரவிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாயம் போன பருத்தி ரவிக்கை, அவ்வளவுதான். உட்புறம் திருப்பிப் பார். பக்கத் தையலில் துணியைத் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறார்கள். இப்போதைய தையலுக்கு உள்ளே, பழைய தையல் பிரிக்கப்பட்ட துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிகின்றன. உன் பாட்டி உடல் பெருக்கும்போதெல்லாம் பிரித்துவிட்டிருக்கிறார் என்பது அதிலிருந்து தெரியும். அந்த வரிசைகளுக்கு இடையே இருக்கும் துணி, வெயில் படாததால், வெளித் துணியைவிட அடர்ந்த நிறத்தில் இருக்கிறது. அக்குளில் வேறொரு துணியில் ஒட்டு. அது மாராப்பு மறைக்கும் இடப்பக்கத்தில் மட்டும் சற்று மலிவான துணி. கொக்கிப் பட்டி மெஷின் தையல். ஒட்டு கைத் தையல். ஒரு பெண் எத்தனை ஆண்டு ஒரே ரவிக்கையை உடுத்தினாள், எதை மறைக்க நினைத்தாள், எதற்குக் கூலி கொடுத்தாள், எதைத் தானே செய்துகொண்டாள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. உன் பாட்டி தன் கையால் ஒரு கடிதமும் எழுதியவரல்லர்.

துணியின் வயதைக் கணிக்கவும் வழியுண்டு. ஆங்கில வேதியியலாளர் பெர்கின் இரசாயன ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856இல். அந்தச் சாயம் தோய்ந்த இழை ஓடும் புடவை அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. பழைய துணியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் பொடிந்து உதிர்ந்து, சிவப்பும் நீலமும் நன்றாக இருந்தால், கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அந்த இழையை அரித்திருக்கும் என்று ஊகிக்கலாம். இதையெல்லாம் ஆய்வகத்தில் உறுதி செய்துகொள். ஆனால் முதலில் கண்ணால் பார்க்கப் பழகு.

அவசரம் எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவுக்குத் தெரு வருகிறார். நல்ல நிலையிலிருக்கும் பழம்புடவைகள் எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போய்விடுகின்றன. சரிகைக்காகப் பழைய பட்டுப்புடவை வாங்குபவர்கள் வெள்ளியை எடுப்பதற்காகப் புடவையை எரித்துவிடுவார்கள். ஆரணிப் பட்டின் பழைய கரைகளும் முந்தானைகளும் இப்படித்தான் மறைந்துகொண்டிருக்கின்றன. கைலியின் கதி இன்னும் மோசம். இந்த ஊரே கைலிக்குப் பெயர்போனது. என் தகப்பனார் குழித்தறியில் நெய்ததும் அதுதான். ஒரே ஓரம் தேயாமல் இருக்க அவர் கைலியைத் தலைகீழாக மாற்றி மாற்றி உடுத்துவார். தேய்ந்த பிறகு அது மூட்டுப் பிரிக்கப்பட்டுத் தலையணை உறையாகும், பிறகு குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும். ஆயிரக்கணக்கான கைகள் நெய்த ஒரு துணி, உடுத்தித் தேய்ந்த நிலையில், எந்தக் கண்ணாடிப் பேழைக்குள்ளும் இடம்பிடிப்பதில்லை. புதுக் கைலியைச் சேகரிப்பது எளிது. நீ தேய்ந்ததைச் சேகரி.

செவிலியர் உடையையும் உன் பட்டியலில் சேர்த்துக்கொள். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி நம் பக்கத்துப் பெண்களை வேலைக்கு அனுப்பிய பெரிய வாசல்களில் ஒன்று. வெள்ளைப் புடவை கட்டி இரவுப் பணிக்குப் போன பெண்ணை ஊர் எப்படிப் பார்த்தது, அந்தப் புடவையை எப்படிச் செருகிக்கொண்டால் நோயாளியைத் தூக்க வசதி என்று யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று, ஓய்வுபெற்ற செவிலியர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

களப்பணியில் சிலவற்றைக் கடைப்பிடி. ஒரு வீட்டில் துணியைக் காட்டினால், அதை உடுத்தியவர் யார், எப்போது, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள். அனுமதி இல்லாமல் படம் எடுக்காதே. எடுத்த படத்தின் பிரதியை அவர்களுக்குக் கொடு. துணியைத் தானமாகக் கேட்காதே. அளந்து வரைந்துகொண்டு பெட்டியிலேயே வைத்துவிட்டு வா. ஆர்னால்டும் அளந்து வரைந்துகொண்டுதான் திரும்பினார். மடிப்பு விழுந்த இடத்திலேயே மறுபடி மடிக்க வேண்டாம், அந்தத் தடத்தில்தான் இழை முதலில் அறும் என்று அந்த வீட்டாருக்குச் சொல்லிக்கொடு. நெசவாளரிடமோ தையற்காரரிடமோ அரைநாள் உட்கார்ந்தால் அந்த அரைநாள் கூலியைக் கொடுத்துவிடு. அவர்கள் பெயரை நன்றியுரையில் ஒளித்து வைக்காமல், அவர்கள் சொன்ன இடத்திலேயே, அவர்கள் விரும்பினால், எழுது.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது அளவு நாடாவும் கட்டத் தாளும் கொண்டுவா. இங்கே தறி வைத்திருக்கும் நான்கு வீடுகளில் பேசி வைத்திருக்கிறேன். பாட்டியின் ரவிக்கையை முதலில் வரைந்துவிட்டு அங்கே போகலாம்.

அன்புடன்,
உன் மாமா
குடியாத்தம்