பிக்கப் வண்டி அண்ணனுக்கு

போன ஆடி மழையில், குன்னூரில் அப்பாவுக்கு இரண்டு கால்களும் மரத்துப்போன ராத்திரி. தெருமுனையில் நின்ற நீங்கள் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டு, பலகை போட்டு மெத்தை விரித்தீர்கள். கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில்கூட அவர் முனகவில்லை.

முதுகெலும்பில் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார்கள் கோவையில். நாங்களோ மாதக்கணக்கில் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்திருக்கிறோம்! அழுத்தம் நீடித்தால் நடை திரும்பாமலே போகலாமாம். உடனே ஸ்டீராய்டு, அப்புறம் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ, மொத்தம் 6. இப்போது ஊன்றுகோலோடு தேயிலைத் தோட்டம் வரை போய் வருகிறார்.

டீசல் காசுகூட வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வாங்க அண்ணா. உங்கள் தார்ப்பாய் எங்களிடம்தான் இருக்கிறது.